அமெரிக்க ஏகாதிபத்தியமும் முதல் உலகப் போரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வருகின்றன. பள்ளி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஓய்வு பெற்ற பிறகு வரலாறு வாசிக்கத் தொடங்கியவர்கள் என்று ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. 1898-ல் அமெரிக்கா ஸ்பெயினோடு மோதியது ஒரு பாடத்தில் வருகிறது, 1917-ல் உலகப் போரில் இறங்கியது வேறொரு பாடத்தில் வருகிறது. நடுவில் கிடக்கும் 19 ஆண்டுகளைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த ஆண்டுகளையும் சேர்த்துப் படித்தால்தான் 1917 புரியும் என்பது என் உறுதியான எண்ணம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்தவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

"அமெரிக்காவே பிரிட்டனை எதிர்த்து விடுதலை வாங்கின நாடு. அதைப் போய் ஏகாதிபத்தியம்னு எப்படிச் சொல்றது?"

விடுதலை வாங்கிய நாடு இன்னொரு நாட்டைப் பிடிக்காது என்று எந்த விதியும் இல்லை. அட்லாண்டிக் கரையோரம் 13 குடியேற்றங்களாகத் தொடங்கிய அமெரிக்கா, நூறாண்டு ஆவதற்குள் பசிபிக் கரை வரை போய்ச் சேர்ந்தது. பூர்வகுடிகளிடமிருந்து நிலத்தைப் பறித்தது. 1846-48 போரில் மெக்சிகோவைத் தோற்கடித்து, இன்றைய கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, அரிசோனா பகுதிகளை எடுத்துக்கொண்டது. இந்த மெக்சிகோ விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 1917-ல் மறுபடியும் வரும்.

கண்டத்துக்குள் இடம் தீர்ந்த பிறகு கண் கடல் பக்கம் திரும்பியது. 1893-ல் கடுமையான பொருளாதார நெருக்கடி வந்தபோது, உள்நாட்டில் விற்காத பொருளுக்கு வெளிநாட்டுச் சந்தை வேண்டும் என்ற குரல் வலுத்தது. உலக வல்லரசாக வேண்டுமானால் பெரிய கடற்படையும், கப்பல்கள் நிலக்கரி நிரப்பிக்கொள்ளத் தீவுகளும் வேண்டும் என்று கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மஹான் எழுதினார். பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் போன்றவர்கள் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். அதே 1893-ல் ஹவாயில் அமெரிக்கக் கரும்புத் தோட்ட முதலாளிகள் ராணி லிலியுவோகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அப்போது அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹொனலுலுவில் கரையிறங்கி நின்றார்கள்.

"1898-ல அப்படி என்னதான் நடந்துச்சு?"

கியூபா அப்போது ஸ்பெயினின் காலனி. அங்கே விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. 1898 பிப்ரவரி 15 அன்று ஹவானா துறைமுகத்தில் நின்ற 'மெயின்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏப்ரலில் ஸ்பெயின் மீது அமெரிக்கா போர் தொடுத்தது. மே 1 அன்று அட்மிரல் டூயி மணிலா வளைகுடாவில் ஸ்பானியக் கப்பற்படையை அழித்தார். ஆகஸ்டில் சண்டை நின்றது. டிசம்பர் 10 அன்று கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தப்படி போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் மூன்றும் அமெரிக்கா கைக்கு வந்தன. பிலிப்பைன்ஸுக்கு மட்டும் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. போர் நடக்கும்போதே, ஜூலையில், ஹவாயையும் இணைத்துக்கொண்டார்கள்.

"மெயின் கப்பலை ஸ்பெயின்தானே வெடிக்க வச்சுது?"

அப்படித்தான் அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. கப்பலுக்கு வெளியே வைத்த கண்ணிவெடிதான் காரணம் என்று 1898 கடற்படை விசாரணையும் சொன்னது. ஆனால் 1976-ல் அட்மிரல் ரிக்கோவர் தலைமையில் நடந்த ஆய்வு, கப்பலின் நிலக்கரிக் கிடங்கில் பற்றிய தீ பக்கத்தில் இருந்த வெடிமருந்துக்குப் பரவியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. ஸ்பெயின் வைத்தது என்பதற்கு இன்றுவரை ஆதாரம் கிடையாது. தேர்வில் எழுதும்போது 'ஸ்பெயின் வெடிக்க வைத்தது' என்று எழுதாதீர்கள்.

"கியூபாவுக்குச் சுதந்திரம் கொடுத்தாங்களே, பிலிப்பைன்ஸுக்கு ஏன் கொடுக்கலை?"

கியூபாவை இணைத்துக்கொள்ள மாட்டோம் என்று போருக்கு முன்பே அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. டெல்லர் திருத்தம் என்பார்கள். பிலிப்பைன்ஸுக்கு அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை. கியூபாவுக்குக் கிடைத்ததும் முழுச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது. 1901-ல் பிளாட் திருத்தத்தை அதன் அரசியல் சட்டத்திலேயே சேர்க்க வைத்தார்கள். அதன்படி அமெரிக்கா நினைத்தால் கியூபாவில் தலையிடலாம், கடற்படைத் தளம் அமைக்கலாம். குவாண்டனாமோ தளம் வந்தது இந்த வழியில்தான்.

பிலிப்பைன்ஸ் கதை இதைவிடக் கொடியது. ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய எமிலியோ அகினால்டோ 1898 ஜூன் 12 அன்றே விடுதலையை அறிவித்துவிட்டார். ஸ்பெயினுக்கு எதிரான சண்டையில் அமெரிக்கர்கள் நண்பர்கள் என்று பிலிப்பினோக்கள் நம்பினார்கள். பாரிஸ் பேச்சுவார்த்தையில் அவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. 1899 பிப்ரவரி 4 அன்று மணிலா அருகே துப்பாக்கிச் சூடு தொடங்கி, முழுப் போராக மாறியது. 1901-ல் அகினால்டோ பிடிபட்டார். 1902 ஜூலை 4 அன்று போர் முடிந்ததாக ரூஸ்வெல்ட் அறிவித்தார். தெற்கே மோரோ முஸ்லிம்களோடு சண்டை அதற்குப் பிறகும் 1913 வரை நீண்டது.

அமெரிக்கத் தரப்பில் 4,200 பேர் வரை இறந்தார்கள். பிலிப்பினோ போராளிகள் சுமார் 20,000 பேர். பொதுமக்களில், சண்டையாலும் பஞ்சத்தாலும் காலராவாலும் 2 லட்சம் பேர் செத்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பிடிபட்டவர்களின் வாயில் தண்ணீரை ஊற்றி வயிறு வீங்க வைத்துச் சித்திரவதை செய்தார்கள். கிராமத்து மக்களைக் காவல் முகாம்களில் அடைத்தார்கள். கியூபாவில் ஸ்பெயின் இதையே செய்தபோது கொடுமை என்று கொதித்தது அமெரிக்கா. சமார் தீவில் பத்து வயதுக்கு மேற்பட்ட யாரையும் விடாதே என்று உத்தரவிட்ட ஜெனரல் ஜேக்கப் ஸ்மித்துக்கு ராணுவ நீதிமன்றம் கொடுத்தது வெறும் கண்டனம். பிறகு அவரை ஓய்வில் அனுப்பினார்கள். நம் பாடங்களில் இந்தப் போர் ஒரு வரிகூடப் பெறுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

"அமெரிக்காவுக்குள்ளேயே யாரும் எதிர்க்கலையா?"

எதிர்த்தார்கள், உரக்கவே எதிர்த்தார்கள். 1898-ல் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் தொடங்கியது. எழுத்தாளர் மார்க் ட்வைன், எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் எல்லாரும் அதில் இருந்தார்கள். பாரிஸ் ஒப்பந்தம் செனட்டில் 57-க்கு 27 என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்கைவிட ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றுத்தான் தேறியது. 1900 தேர்தலில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஏகாதிபத்திய எதிர்ப்பைப் பேசி நின்றார், அப்போதைய அதிபர் மக்கின்லியிடம் தோற்றார். ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்: எதிர்த்தவர்களில் சிலர் பிலிப்பினோக்கள் மீதான அன்பால் எதிர்க்கவில்லை. 'அந்த நிறத்து மக்கள் நம் நாட்டோடு சேரக்கூடாது' என்ற இனவெறியால் எதிர்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

"பனாமா கால்வாய் ஒரு பொறியியல் சாதனைதானே? அதுல ஏகாதிபத்தியம் எங்கிருந்து வந்துச்சு?"

சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நிலம் கிடைத்த விதத்தைப் பாருங்கள். பனாமா அப்போது கொலம்பியாவின் ஒரு பகுதி. கால்வாய் ஒப்பந்தத்தைக் கொலம்பிய செனட் நிராகரித்தது. 1903 நவம்பர் 3 அன்று பனாமாவில் கிளர்ச்சி வெடித்தது. கொலம்பியப் படை வந்து அதை அடக்க முடியாதபடி அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நின்றன. நவம்பர் 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பனாமா சார்பில் கையெழுத்துப் போட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர், பூனோ-வரியா. 1 கோடி டாலரும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலரும் கொடுத்துக் கால்வாய்ப் பகுதியை அமெரிக்கா காலவரையின்றிப் பெற்றது.

கால்வாய் வந்த பிறகு கரீபியக் கடல் முழுவதுமே அமெரிக்காவின் வாசல் என்ற எண்ணம் வந்தது. ஐரோப்பிய நாடுகள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்பது 1823-ல் அமெரிக்க அதிபர் மன்ரோ சொன்னது. லத்தீன் அமெரிக்க நாடுகள் கடனைக் கட்டாமல் போனாலோ ஒழுங்கு குலைந்தாலோ நாங்களே போலீஸ் வேலை பார்ப்போம் என்று 1904-ல் ரூஸ்வெல்ட் அதோடு சேர்த்தார். கால்வாய் திறந்த நாள் 1914 ஆகஸ்ட் 15. ஐரோப்பாவில் போர் தொடங்கி அப்போது மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

"வில்சன் சமாதானப் பிரியர்னு படிச்சோம். அவரும் இதையெல்லாம் செஞ்சாரா?"

செய்தார். உலகப் போர்க் காலத்தில் அதிபராக இருந்த உட்ரோ வில்சன், ரூஸ்வெல்ட்டைவிட அதிகமாகவே செய்தார் என்றும் சொல்லலாம். 1914 ஏப்ரலில் மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்தைப் பிடித்தார். 1915 ஜூலையில் ஹைட்டிக்கும், 1916-ல் டொமினிகன் குடியரசுக்கும் படை அனுப்பினார். 1916 மார்ச்சில் மெக்சிகோ கிளர்ச்சித் தலைவர் பாஞ்சோ வில்லா எல்லை தாண்டி வந்து கொலம்பஸ் என்ற ஊரைத் தாக்கியதும் ஜெனரல் பெர்ஷிங் தலைமையில் மெக்சிகோவுக்குள் படை போனது; 1917 பிப்ரவரி வரை அங்கேயே இருந்தது. வில்லா பிடிபடவே இல்லை.

ஹைட்டியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1914 டிசம்பரிலேயே அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டி தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். ஆக்கிரமித்த பிறகு சுங்க வருமானம் அமெரிக்கக் கைக்குப் போனது, விவசாயிகளைக் கட்டாயப்படுத்திச் சாலை போட வைத்தார்கள். வெளிநாட்டவர் நிலம் வாங்க வழி செய்யும் புது அரசியல் சட்டத்தை ஹைட்டி நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. 1917 ஜூனில் அந்த நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. உலகத்தில் ஜனநாயகத்தைக் காக்கப் போகிறோம் என்று சொல்லி வில்சன் போரில் இறங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"அப்ப 1914-லயே ஏன் போர்ல சேரலை?"

சேரக் காரணம் எதுவும் இருக்கவில்லை. சண்டை ஐரோப்பாவில், மக்களோ பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஜெர்மன் வம்சாவளியினர் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஐரிஷ்காரர்களுக்கு பிரிட்டன் மீது கோபம், யூதர்களுக்கு ரஷ்ய ஜார் மீது வெறுப்பு. 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கைக் கொளுத்தியபோது, அமெரிக்கா நடுநிலை அறிவித்து ஒரு மாதம் கடந்திருந்தது.

காகிதத்தில்தான் அது முழு நடுநிலை. பிரிட்டன் ஜெர்மனியைக் கடல்வழி முற்றுகையிட்டபோது அமெரிக்கா மென்மையாகத்தான் ஆட்சேபித்தது. வியாபாரம் மெல்ல மெல்ல முழுதும் பிரிட்டன், பிரான்ஸ் அடங்கிய நேச நாடுகள் பக்கம் சாய்ந்தது. மேலே சொன்ன பிரையன் அப்போது வெளியுறவுச் செயலர். ஜெர்மனியிடம் காட்டும் கண்டிப்பை பிரிட்டனிடமும் காட்ட வேண்டும் என்று வாதாடி, அது நடக்காததால் 1915 ஜூனில் பதவி விலகினார்.

"லூசிடானியா கப்பல் மூழ்கினதாலதான் அமெரிக்கா போர்ல இறங்குச்சு. சரியா?"

நேர்க் காரணம் அதுவல்ல. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி லூசிடானியா மூழ்கியது 1915 மே 7. அமெரிக்கா போர் அறிவித்தது 1917 ஏப்ரல் 6. நடுவில் 23 மாதங்கள் இருக்கின்றன. இறந்த 1,198 பேரில் 128 பேர் அமெரிக்கர்கள். அது பிரிட்டிஷ் பயணிகள் கப்பல். சரக்கில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கித் தோட்டாக்கள் இருந்தன. பொதுமக்கள் கோபம் ஜெர்மனி மீது திரும்பியது உண்மை. வில்சன் ஜெர்மனிக்குக் கண்டனக் கடிதம்தான் எழுதினார், போருக்குப் போகவில்லை. 1916 மேயில், எச்சரிக்காமல் வணிகக் கப்பல்களைத் தாக்க மாட்டோம் என்று ஜெர்மனி வாக்குக் கொடுத்தது. அந்த நவம்பரில் 'நம்மைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர்' என்ற கோஷத்தோடு வில்சன் மறுபடியும் ஜெயித்தார்.

உண்மையான திருப்பம் 1917 பிப்ரவரி 1. அன்றிலிருந்து பிரிட்டனைச் சுற்றிய கடலில் எந்த நாட்டுக் கப்பலையும் எச்சரிக்காமல் மூழ்கடிப்போம் என்று ஜெர்மனி அறிவித்தது. அமெரிக்கா போருக்கு வரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு இது. சில மாதங்களில் பிரிட்டனைப் பட்டினி போட்டுப் பணிய வைத்துவிடலாம், ஒன்றேகால் லட்சம் சொச்சம் வீரர்களே உள்ள அமெரிக்க ராணுவம் தயாராகி வருவதற்குள் போர் முடிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. மார்ச் நடுவில் அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. அதே மார்ச்சில் ரஷ்யாவில் ஜார் விழுந்தார். கூட்டாளிகளில் ஒரு சர்வாதிகாரி இல்லாமல் போனதால், இது ஜனநாயகத்துக்கான போர் என்று சொல்வது வில்சனுக்கு எளிதானது.

"சிம்மர்மன் தந்தி நிஜமா, பிரிட்டன் ஜோடிச்சதா?"

நிஜம். ஜெர்மன் வெளியுறவுச் செயலர் சிம்மர்மன் 1917 ஜனவரியில் மெக்சிகோவில் இருந்த தன் தூதருக்கு அனுப்பியது. அமெரிக்கா போருக்கு வந்தால் மெக்சிகோ ஜெர்மனியோடு சேர வேண்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவைத் திரும்பப் பெறலாம் என்பது சாரம். பிரிட்டிஷ் உளவுத்துறை இடைமறித்துப் படித்து, தக்க நேரம் பார்த்து அமெரிக்காவிடம் கொடுத்தது. மார்ச் 1 அன்று பத்திரிகைகளில் வந்தது. பொய் என்று பலர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மார்ச் 3 அன்று சிம்மர்மனே 'நான்தான் அனுப்பினேன்' என்று ஒப்புக்கொண்டார்.

முதல் பதிலில் மெக்சிகோவை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இந்தத் தந்தி எழுதப்பட்டபோது பெர்ஷிங்கின் படை மெக்சிகோ மண்ணில் நின்றுகொண்டிருந்தது. பறிபோன நிலமும் கண்முன்னே நிற்கும் அந்நியப் படையும் இல்லாவிட்டால் இப்படி ஒரு யோசனையே பெர்லினில் யாருக்கும் தோன்றியிருக்காது.

"கடன் கொடுத்த வங்கிகளைக் காப்பாத்தத்தான் போருக்குப் போனாங்கன்னு சொல்றாங்களே?"

இந்தக் கேள்வி அமெரிக்க செனட்டிலேயே எழுந்தது. 1934 முதல் 1936 வரை செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் ஒரு குழு விசாரித்தது. 1917 ஏப்ரலுக்குள் நேச நாடுகளுக்கு அமெரிக்காவில் கிடைத்த கடன் சுமார் 230 கோடி டாலர், ஜெர்மனிக்கு 2.7 கோடி டாலர் மட்டுமே. மார்கன் என்ற அமெரிக்க வங்கி நிறுவனம் பிரிட்டனுக்காகப் பொருள் வாங்கித் தரும் முகவராக இருந்தது. நேச நாடுகள் தோற்றால் பெரும் பணம் முங்கியிருக்கும் என்பது நிச்சயம்.

ஆனால் கடனுக்காகவே வில்சன் போருக்குப் போனார் என்று முடிவு கட்ட ஒரு தடை இருக்கிறது. 1916 நவம்பரில், ஈடில்லாமல் நேச நாடுகளுக்குக் கடன் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்காவின் மத்திய வங்கி அமைப்பான மத்திய ரிசர்வ் வாரியம் வங்கிகளை எச்சரித்தது; அதற்கு வில்சனின் ஆதரவும் இருந்தது. வங்கிகள் சொன்னபடி ஆடுகிறவர் செய்யும் காரியமல்ல இது. என் கருத்து இதுதான்: வியாபாரமும் கடனும் அமெரிக்காவை ஒரு பக்கமாகச் சாய்த்தன. அதனால்தான் ஜெர்மனிக்கு நீர்மூழ்கி ஆயுதம் அவசியமானது. போருக்குப் போகும் முடிவைத் தூண்டியது அந்த நீர்மூழ்கிதான்.

"சரி, நேரடியாவே கேக்கறேன். 1917-ல இறங்கினது ஏகாதிபத்தியமா, இல்லையா?"

நிலம் பிடிப்பதற்காக இறங்கவில்லை. போர் முடிந்த பிறகு ஜெர்மன் காலனிகளில் ஒரு துண்டைக்கூட அமெரிக்கா கேட்கவில்லை. பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான் மூன்றும் கேட்டுப் பெற்றன. அந்த அளவில் வில்சனை நம்பலாம்.

ஆனால் 1898-ல் தொடங்கியதும் 1917-ல் நடந்ததும் தனித்தனிக் கதைகள் என்பதை நான் ஏற்க மாட்டேன். பிரான்சில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய பெர்ஷிங் யார்? 1898-ல் கியூபாவில் சண்டை போட்டவர், பிலிப்பைன்ஸில் மோரோக்களை அடக்கியவர், மெக்சிகோவுக்குப் போனவர். போர் அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 31 அன்று, 2.5 கோடி டாலர் கொடுத்து டென்மார்க்கிடமிருந்து கரீபியத் தீவுகளை அமெரிக்கா வாங்கியது. அவை ஜெர்மனி கைக்குப் போனால் கால்வாய்க்கு ஆபத்து என்ற பயம் அதன் பின்னால் இருந்தது. 1917-ல் இறங்கிய நாடு ஏற்கெனவே ஒரு பேரரசு. அந்தப் பேரரசைக் காக்கும் கவலை அதன் கணக்கில் எப்போதும் இருந்தது.

"நாடாளுமன்றத்துல எல்லாரும் கை தூக்கிட்டாங்களா?"

இல்லை. செனட்டில் 82-க்கு 6, பிரதிநிதிகள் சபையில் 373-க்கு 50. எதிர்த்த ஐம்பது பேரில் ஒருவர் ஜெனட் ரேங்கின்; அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். தங்கத்தின் கட்டளைக்குப் பணிந்து போருக்குப் போகிறோம் என்று செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் பேசினார். வெளியே பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918-ல் ஓஹையோவில் பேசிய ஒரு பேச்சுக்குப் பத்தாண்டு தண்டனை பெற்றார். 1921 டிசம்பரில்தான் விடுதலையானார்.

"சுயநிர்ணய உரிமைன்னு வில்சன் பேசினாரே, நம்ம ஊர்ல யாராவது அதை நம்பினாங்களா?"

நம்பினார்கள். அதில் முக்கியமானவர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். மதுரையில் வளர்ந்தவர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், தன்னாட்சி (ஹோம் ரூல்) இயக்கத்தின் கௌரவத் தலைவர். 1917 ஜூனில் அன்னி பெசன்ட்டை அரசு காவலில் வைத்த சில நாட்களில், அவர் நேரடியாக வில்சனுக்கே கடிதம் எழுதினார். இந்தியாவுக்குத் தன்னாட்சி வாக்குறுதி தந்தால் லட்சக்கணக்கான இந்தியர்கள் போருக்கு வருவார்கள் என்பது அதன் சாரம். ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதியர் அதைக் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விஷயம் லண்டனில் கிளம்பியதும் பிரிட்டிஷ் அரசின் இந்தியச் செயலர் மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். சுப்பிரமணிய ஐயர் தன் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டார். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் செய்த காரியம் இது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும்.

வாஷிங்டனிலிருந்து இந்தியாவுக்கு எதுவும் வரவில்லை. இந்திய விடுதலைக்காக அமெரிக்காவில் இயங்கிய கதர் (Ghadar) கட்சியினரை அமெரிக்க அரசு நடுநிலைச் சட்டத்தை மீறினார்கள் என்று கைது செய்து, 1917 நவம்பர் முதல் 1918 ஏப்ரல் வரை சான் ஃபிரான்சிஸ்கோவில் வழக்கு நடத்தியது. 1919-ல் பாரிஸ் மாநாட்டில் இனச் சமத்துவத்தை ஜப்பான் முன்மொழிந்தபோது, பெரும்பான்மை ஆதரித்தும், ஒருமனதாக இல்லை என்று சொல்லி வில்சன் அதைத் தள்ளினார். மன்ரோ கோட்பாட்டுக்கு மட்டும் போருக்குப் பின் அமைந்த சர்வதேச சங்கத்தின் (League of Nations) சாசனத்தில், 21-ஆம் பிரிவில், பாதுகாப்பு வாங்கிக்கொண்டார்.

"அந்தத் தீவுகளெல்லாம் அப்புறம் என்ன ஆச்சு?"

டொமினிகன் குடியரசிலிருந்து 1924-ல் படை வெளியேறியது, ஹைட்டியிலிருந்து 1934-ல். பிளாட் திருத்தமும் 1934-ல் நீங்கியது. குவாண்டனாமோ தளம் இன்னும் அமெரிக்கா கையில் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1946 ஜூலை 4 அன்று சுதந்திரம் பெற்றது. பனாமா கால்வாய் 1999 டிசம்பர் 31 அன்று ஒப்படைக்கப்பட்டது. ஹவாய் 1959-ல் மாநிலமானது. குவாமும் டென்மார்க்கிடம் வாங்கிய தீவுகளும் இன்றும் அமெரிக்க ஆட்சிப் பகுதிகள். போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு 1917 மார்ச் 2 அன்று, போர் அறிவிப்புக்கு ஐந்து வாரம் முன்பு, அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தார்கள். பிறகு அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் படைக்கும் எடுத்தார்கள். அந்தத் தீவில் வசிக்கும் குடிமக்களுக்கு அமெரிக்க அதிபர் தேர்தலில் இன்றுவரை வாக்கு இல்லை.